கடல் மீன் தின்ற தம்பி

மெல்பேர்ண் நகரத்தைச் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. என் தம்பியைக் கையில் பிடித்து இழுத்துவரப் போனேன். அவனோ நான் போய் இறங்கிய மறுநாளே என்னைக் காரில் ஏற்றி ஊர் காட்டத் தொடங்கினான். நாய்க்கு வேலையுமில்லை, நடைக்குக் குறைவுமில்லை என்பார்களே, அந்த இரண்டு கிழமையும், பதினாலு நாளும், எங்கள் பிழைப்பு அதுதான்.

விஷயம் இதுதான். சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த அன்று எங்கள் அம்மா கடற்கரைக் கோயிலில் இருந்தாள். பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. மட்டக்களப்பு, நாவற்குடாவில் என்னோடு இருந்தவள், பூசைக்கென்று விடியப் புறப்பட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளை ஒருவரும் காணவில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கிடங்கு வெட்டிப் புதைத்த இடம் என்று எல்லாம் நானே போய்ப் பார்த்தேன். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாவிட்டால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்துக் காரியம் முடிக்கலாம். எங்கள் பக்கத்தில் கடல் கொண்டுபோன எத்தனையோ பேருக்கு அப்படித்தான் செய்தார்கள். ஆனால் கொள்ளி வைக்க மகன் வேண்டும். அம்மாவுக்கு ஒரே மகன் இவன்.

முதல் வருடம் லீவு இல்லை என்றான். பிறகு எங்கள் பக்கம் திரும்பவும் ஷெல் விழத் தொடங்கியது. "சண்டை முடியட்டும் அக்கா, வாறன்" என்றான். ஊரில் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? மருமகன் முறையில் யாரையாவது பிடித்துச் செய்து முடி என்றார்கள். மகன் குத்துக்கல்லு மாதிரி உயிரோடு இருக்க, ஊரான் பிள்ளை கொள்ளி வைப்பதா? நான் கேட்கவில்லை. சண்டை முடிந்தது. எப்படி முடிந்தது என்று உலகத்துக்கே தெரியும், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த வைகாசியிலேயே அவனுக்குப் போன் எடுத்து, "முடிஞ்சிட்டு, வா" என்றேன். அவன் வரவில்லை. எனக்கு டிக்கெட் அனுப்பினான்.

போய் இறங்கிய அன்று இரவே வீடு நிறைய ஆட்கள். தம்பியின் கூட்டாளிகள், அவர்களின் பெண்சாதிமார். "அங்க இப்ப எப்பிடி?" என்று கேட்டார்கள், மழை பெய்கிறதா என்று கேட்பது மாதிரி. நான் "இருக்கிறோம்" என்றேன். வேறு என்ன சொல்ல? ஒருத்தி என் பக்கத்தில் வந்து குந்தி, "உங்கட அவர் என்ன செய்யிறார் அக்கா?" என்றாள். தொண்ணூறில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனதுதான், அவர் இன்னும் வரவில்லை என்றேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள். ஐம்பது சதக் காசளவு குங்குமப் பொட்டு வைப்பது என் வழக்கம். அதைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வையைத் தெரியும், பத்தொன்பது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் புருஷன் செத்ததை ஒருவரும் காணவில்லை. காணாத சாவுக்கு நான் ஏன் பொட்டழிக்க வேண்டும்? எழுந்து போய்ப் படுத்துவிட்டேன்.

முதலில் அருங்காட்சியகம். ஆவணி மாதத்தில் அந்த ஊரில் அப்படியொரு குளிர். தன் பெண்சாதியின், அதாவது என் மச்சாளின், கம்பளிச் சட்டைக்குள் என்னைத் திணித்துக் கொண்டுபோனான். திமிங்கிலத்தின் எலும்பு, பூச்சி, பழைய வண்டி என்று கண்டதையெல்லாம் காட்டினான். எல்லாவற்றுக்கும் நான் "ம்" கொட்டினேன். பிறகு ஒரு கண்ணாடிக் கூண்டின் முன் கொண்டுபோய் நிறுத்தினான். உள்ளே ஒரு குதிரை, மினுமினுவென்று செம்பட்டை நிறம். பந்தயத்தில் வென்ற குதிரையாம், செத்து எத்தனையோ காலமாம். தோலைப் பதப்படுத்தி உயிரோடு நிற்பது போல நிறுத்தியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இதிட இதயம் வேற ஊரில இரிக்கு அக்கா. எலும்பு நியூசிலாந்தில" என்றான் தம்பி, ஏதோ தான் வளர்த்த குதிரை மாதிரி.

ஒரு குதிரைக்கு மூன்று இடத்தில் உடம்பு. எங்கள் அம்மாவுக்கு ஓரிடத்திலும் இல்லை.

"செத்த குதிரைக்கு இவங்க செய்யிற மரியாதையில கால்வாசி, உன்னைப் பெத்தவளுக்கு நீ செஞ்சியாடா?"

"மெல்லக் கதை அக்கா. ஆக்கள் பார்க்கினம்."

பார்க்கினம்! மட்டக்களப்பில் பிறந்தவன் வாயில் மச்சாளின் யாழ்ப்பாணப் பேச்சு ஏறிக் குந்தியிருந்தது. "பார்க்கட்டும். ஒருத்தருக்கும் விளங்காது. விளங்குற உனக்கே உறைக்கயில்ல" என்றேன். அவன் என் தோளைப் பிடித்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு கோப்பைச் சுடுதண்ணீருக்குள் தேயிலைப் பையைப் போட்டுத் தந்தார்கள். அதையும் திட்டித்தான் குடித்தேன்.

அடுத்து சந்தை. பெரிய தகரக் கொட்டகைகள், ஒரு பக்கம் மரக்கறி, ஒரு பக்கம் இறைச்சியும் மீனும். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த ஊரில் எனக்குச் சகிக்கக்கூடியதாக இருந்தது அந்த ஓரிடம்தான். மீன் விற்கிறவர்கள் எங்கள் புளியந்தீவுச் சந்தையில் கத்துவது போலக் கத்தினார்கள். ஆனால் தம்பி அங்கேயும் என்னை நிம்மதியாக விடவில்லை. ஒரு பெரிய விளைமீனை எடுத்து, செவுளை விரலால் நெம்பிச் சிவப்புப் பார்த்தான். அம்மா அப்படித்தான் பார்ப்பாள், பெருவிரலால், தலையைச் சாய்த்துக்கொண்டு. கையும் அவளுடைய கைதான்.

"வை அதை" என்றேன்.

"ஏன், நல்ல மீன்."

"வையடா அதை!"

மீன்காரன் கத்துவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். தம்பி காசைக் கொடுத்து அதை வாங்கினான்.

கடல் வந்த பிறகு எங்கள் ஊரில் பாதிச் சனம் மீன் தின்னவில்லை. கடலுக்குள் நம் ஆட்கள் கிடக்க, அந்த மீனை எப்படி வாயில் வைப்பது? வலை இழுத்து வாழ்ந்தவர்கள் வீட்டிலேயே பருப்பும் கீரையும் கொதித்தது. மாதங்கள் போக, ஒவ்வொருவராக மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பத் தின்னத் தொடங்கினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் தொடங்கவில்லை. கடல் மீனுமில்லை, வாவி மீனுமில்லை. வாவியிலும்தானே ஆட்கள் மிதந்தார்கள்.

அன்று இரவு மச்சாள் அந்த மீனில் புளியாணம் காய்ச்சியிருந்தாள். எனக்குத் தனியாகக் கத்தரிக்காய். பாவம், அவளில் எனக்குக் கோபமில்லை. தம்பி என் எதிரே இருந்து மீன் தலையை உடைத்து உறிஞ்சினான். ஒவ்வொரு முள்ளாக எடுத்துக் சோற்றுக் கோப்பை ஓரத்தில் அடுக்கினான். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"தின்னு. நல்லாத் தின்னு. உன்னைப் பெத்தவளைத் திண்ட கடலிட மீன்" என்றேன்.

அவன் நிமிரவில்லை. "அம்மா கடலுக்க இல்ல" என்றான்.

"அப்ப எங்க?"

"எங்கயோ."

"எங்கயோ எண்டா? சித்தாண்டியில ஆரும் ஒளிச்சு வச்சிரிக்கானா? சொல்லன், நான் போய்க் கூட்டிட்டு வாறன்."

"அந்தக் கதையை மட்டும் எடுக்காதேங்கோ மச்சாள்" என்று தம்பியின் பெண்சாதி இடையில் விழுந்தாள். "உவர் பிறகு ரெண்டு நாளைக்கு நித்திரை கொள்ளமாட்டார்."

நித்திரை! ஊருக்கு வர மனமில்லாதவன் கண்டுபிடித்த சாட்டு என்று நினைத்தேன். அம்மா செத்தாள் என்று ஒத்துக்கொண்டால் கொள்ளி வைக்க வரவேண்டும். சாகவில்லை என்றால் டிக்கெட் காசும் மிச்சம், லீவும் மிச்சம். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறானே என்று கோப்பையோடு எழுந்து போனேன். இதை அவனுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

நான் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போனான். மச்சாள் வரவில்லை. "உலகத்தில பெரிய மைதானங்களில ஒண்டு அக்கா" என்றான். கடலைப் பார்த்த எனக்கு அது பெரிதில்லை என்றேன். அவர்கள் அங்கே விளையாடும் உதைபந்துக்குப் பந்து உருண்டையாகக்கூட இல்லை, பப்பாப்பழம் போல நீண்டிருக்கிறது. இரண்டு கட்சிக்காரரும் தங்கள் நிறத்தில் கழுத்துத் துண்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதுவரை எனக்கு விளங்கியது. கட்சி கட்டுவது எனக்குத் தெரியாத ஒன்றா? கண்ணகி அம்மனுக்கு மழை கேட்டுக் கொம்புமுறி விளையாடுகிற ஊரில் பிறந்தவள் நான். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த கொம்பு இரண்டைக் கொழுவி, வடம் கட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்ற சேரி தெருத்தெருவாக ஆடிக்கொண்டு போய், தோற்றவனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வசை பாடும். எங்கள் வீட்டில் அப்பா வடசேரி, அம்மா தென்சேரி. கொம்பு கட்டிவிட்டால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா சோறு போட்டு வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். தம்பி அப்பாவோடு நின்று கத்துவான், நான் அம்மாவோடு நின்று கத்துவேன்.

அப்படி வளர்ந்தவள் அந்த மைதானத்தில் போய் இருந்தால், என் வலப்பக்கத்தில் ஒரு பெரிய உருவம், எதிர்க்கட்சித் துண்டோடு! தம்பி எனக்குக் கட்டிவிட்டிருந்தது கறுப்பு வெள்ளை. இந்த மனிதனுக்கு நீலம். வழி தெரியாமல் சேரி மாறி வந்து இருக்கிறான், நம் ஆட்கள் கண்டால் பிரித்து மேய்ந்துவிடுவார்கள் என்று எனக்கே பதறியது. அவன் தோளில் தட்டி, அவன் துண்டைக் காட்டி, எதிர்ப்பக்கத்தைக் காட்டி, "அங்கால போங்க, அங்கால" என்று கையால் விரட்டினேன். அவன் என்னைப் பார்த்து முழுசினான். பிறகு சிரித்து, தன் மடியிலிருந்த உருளைக்கிழங்குப் பொரியலை என் பக்கம் நீட்டினான். திரும்பிப் பார்த்தேன். மைதானம் முழுக்க நீலமும் கறுப்பு வெள்ளையும் ஒன்றாகக் கலந்து இருந்தன. ஒரு புருஷனும் பெண்சாதியும் வேறு வேறு துண்டோடு ஒரே போத்தலில் குடித்துக்கொண்டிருந்தார்கள். சீ, ரோசம் கெட்ட சனம் என்று நினைத்தேன்.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. விளையாட்டையும் பார்க்கவில்லை. தான் இருந்த கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதிலதான் நான் இருந்தனான்."

"எப்ப?"

"கடல் வந்த அண்டைக்கு."

யேசு பிறந்த நத்தாருக்கு அடுத்த நாள் அங்கே எப்போதும் பெரிய கிரிக்கெட் தொடங்குமாம். வருடா வருடம் கூட்டாளிகளோடு போவானாம். இதே வரிசை, இதே கதிரை. அவன் பாட்டில் சொல்லிக்கொண்டே போனான்.

"நான் பிறகு நேரத்தைக் கணக்குப் பார்த்தனான். அங்க காலமை, இங்க பின்னேரம் ஆகப்போற நேரம். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு திரும்பி விளையாட வந்திட்டாங்கள். ஒருத்தன் அடிச்ச பந்து சனத்துக்குள்ள வந்து விழுந்தது. எல்லாரும் எழும்பினம். நானும் எழும்பிக் கை தட்டினன். சிரிச்சன், அக்கா. வாய் முழுக்கச் சிரிச்சன். அந்த நேரம் அம்மா தண்ணிக்க கிடந்தா எண்டு என்னை நம்பச் சொல்லுற நீ. எனக்கு ஏலா."

இன்னொரு நாளென்றால் என் மனமும் இளகியிருக்கும். ஆனால் நான் கொண்டுவந்த கோபம் நாலரை வருடத்துக் கோபம்.

"நீ நம்பாட்டி அவ எழும்பி வருவாவா? நீ ஒருத்தன் சிரிச்சதுக்காகத் தாய்க்கு எள்ளும் தண்ணியும் இல்லையா? அவ அந்தரத்தில அலையிறா. உன்னை நினைச்சு நினைச்சு அலையிறா. நீ இங்க இருந்து மீன் தலை உறிஞ்சுறாய்!"

"அத்தானைக் கொண்டுபோய் எத்தின வருசம்?" என்றான்.

நான் பந்தைப் பார்த்தேன்.

"அவருக்கு ஆர் எள்ளும் தண்ணியும் குடுத்தது? அவர் அலையமாட்டாரா? உனக்கொரு ஞாயம், எனக்கொரு ஞாயமா அக்கா? உன்ட நெத்தியில இரிக்கிறதைத் துடைச்சிட்டு வந்து என்னட்டக் கேளு. அண்டைக்கு வாறன் நான், கொள்ளி வைக்க."

அடித்தேன். கன்னத்தில், ஐந்து விரலும் பதிய அடித்தேன். அந்த நேரம் பார்த்து மைதானத்தில் ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது, சனம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நீலத் துண்டுக்காரன் பொரியல் பொட்டலத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எந்தச் சேரி வென்றது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை. விமான நிலையத்தில் மச்சாள் அழுதாள். அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காருக்குள் ஏறிக்கொண்டான். விமானம் ஏறிய பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அம்மாவும் அவரும் ஒன்றா? அம்மாவைக் கடல் கொண்டுபோனது, கடல் திருப்பித் தராது. அவரைக் கொண்டுபோனவர்கள் மனிதர்கள், மனிதர்கள் ஒருநாள் கதவைத் திறந்துவிடுவார்கள். இதை நாவற்குடா வரைக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல நம்பிக்கை வராமல் ஆத்திரம்தான் கூடியது.

ஏழெட்டு மாதம் போன் இல்லை. சித்திரைப் பௌர்ணமி வந்தது. தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள் அது. வழமை போல முழுகி, கஞ்சி காய்ச்சி, அம்மாவின் படத்துக்கு முன் படைத்துவிட்டு இருந்தேன். மத்தியானம் போன் அடித்தது. தம்பி.

"விரதமா அக்கா?"

"ஓம். எனக்குத் தாய் செத்துப்போனா" என்றேன், வெட்டென்று.

"நானும் விரதம்" என்றான். "காலமை கடலடிக்குப் போனம். ஐயரும் வந்தவர். தர்ப்பையில உருவம் செஞ்சு எல்லாம் முடிச்சிட்டன். சாம்பலையும் கரைச்சிட்டன். அங்க வர எனக்குத் தைரியம் இல்ல. இங்க எண்டாலும் கடல் ஒண்டுதானே அக்கா."

நான் அம்மாவின் படத்தைப் பார்த்தேன்.

"மீனும் விட்டுட்டன்" என்றான்.

அந்தச் சொல்லோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தினேன். நான் வென்றுவிட்டேன். இழுத்து இழுத்து அவனுடைய கொம்பை முறித்துவிட்டேன். தெருவில் இறங்கி ஆட வேண்டியவள் நான். ஆனால் வாயில் ஒரு வசை வரவில்லை. அவன் மீன் தின்ற வரைக்கும், உலகத்தில் ஒருத்தனுக்காவது எங்கள் அம்மா எங்கேயோ உயிரோடு இருந்தாள். வராத ஆளுக்காகக் காத்திருக்க எங்கள் வீட்டில் என்னோடு இன்னொருவன் இருந்தான். அவனைத்தான் நான் அத்தனை வருடமும் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

"ஏன்டா செஞ்ச நீ?" என்று கத்தினேன். "ஆரைக் கேட்டுச் செஞ்ச நீ?"

"நீதானே அக்கா சொன்ன நீ."

அவன் என் பொட்டைப் பற்றிக் கேட்பான் என்று பயந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியாவது இருப்பேன். "கஞ்சி குடிச்சியா?" என்றுதான் கேட்டான். ஓம் என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

அழுது முடிய முகம் கழுவினேன். விளக்கேற்றுகிற நேரம், வெறும் நெற்றியோடு நிற்கக்கூடாது. கண்ணாடி முன் நின்று குங்குமத்தைத் தொட்டு வைத்தேன். முகத்து ஈரத்தில் பொட்டு ஒரு பக்கம் இழுபட்டுக் கோணலாக விழுந்தது. துடைத்துவிட்டுச் சரியாக வைப்போம் என்று சேலைத் தலைப்பை எடுத்து நெற்றி வரைக்கும் கொண்டுபோனேன். கொண்டுபோன கை அங்கேயே நின்றுவிட்டது. தலைப்பை விட்டேன். அன்றிரவு படுக்கும் வரைக்கும் கோணல் பொட்டோடுதான் திரிந்தேன்.